கிறூஸில 52 ஆயிரம் யூரோவுக்கு கல்லு வீடு: போகலாமோ?

2025 ஜனவரி 12, வாசகர் ஒருவரின் கேள்வி

பரிஸ் புறநகர் லா கூர்னேவில ரெண்டு அறை வீட்டுக்கு வாடகை கட்டிக் களைச்சுப் போனன். நேற்று லு பொன் குவான் விளம்பரத் தளத்தில பாத்தால், நடு பிரான்ஸில கிறூஸ் மாவட்டத்தில நாலு அறை, கல்லு வீடு, பெரிய வளவு, 52 ஆயிரம் யூரோ. பரிஸில சில இடங்களில அந்தக் காசுக்கு கார் விடுற பெட்டிதான் கிடைக்கும். நாங்கள் ஏன் எல்லாரும் இந்தப் புறநகர் மாவட்டம் 93இல அடைஞ்சு கிடக்கிறம்? வெளியில போய் வாங்கின ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?

ஜனவரி 12, இரவு

நான் வாங்கினனான் தம்பி. கிறூஸ் இல்லை, லுவாரே மாவட்டம், மொந்தார்ஜி நகரத்துக்கு வடக்காலை ஒரு சின்ன ஊர். வீட்டுப் படத்தை மூடி வைச்சிட்டு ஒண்டு சொல்லும்: உம்மடை வீட்டில கார் ஓடத் தெரியாத ஆள் ஆர்? அவர் அந்த வாசலாலை இறங்கி நடந்தால் எங்கை போய்ச் சேரலாம்? இதுக்கு மறுமொழி கிடைச்ச பிறகு விலை, கல்லு, வளவைப் பற்றிக் கதைப்பம்.

ஜனவரி 14

தனிமடலில ஏச்சு வந்திருக்கு, பெடியன்ர ஆசையில மண் போடாதையுங்கோ எண்டு. மண் போடேல்லை. கணக்கைப் பாருங்கோ.

கிறூஸ் முழு மாவட்டத்திலையும் சனம் ஒரு லட்சத்துப் பதினையாயிரம் அளவு. பக்கத்துப் பியேர்பித்தோடை சேந்த பிறகு 93இல சென் தெனி ஒரு நகரத்திலையே அதைவிடக் கூட. அங்கை வீடு மலிவா இருக்கிறது வாங்க ஆள் இல்லாததாலை. நாளைக்கு நீர் விக்க வெளிக்கிட்டாலும் அதே நிலைமைதான். ஆகையாலை அதை முதலீடு எண்டு ஆரும் சொன்னால் தலையை ஆட்டிப்போட்டு வந்திடும். இருந்து சீவிக்க எண்டால் வேறை கதை.

கிறூஸ் மாவட்டத் தலைநகர் கெரேக்குப் போறதெண்டால் பரிஸ் ஓஸ்தெர்லிஸ் ஸ்டேசனில ரயில் ஏறி லா சூத்தெரனில இறங்கி மாற வேணும். அது லிமோஜ், துலூஸ் போற பழைய பாதை. லா சூத்தெரன் வரைக்குமே மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட, பாதையில வேலை நடந்தால் இன்னும் கூட. அங்கையிருந்து உம்மடை வீட்டுக்கு கார் வேணும். ஒரு கார் போதாது, ஓடுற ஆளுக்கு ஒண்டு.

வைத்தியர் விசயம் அதைவிட மோசம். புது ஊரில குடும்ப வைத்தியர் உங்களைப் பதிய மாட்டன் எண்டு சொல்லலாம், அவரிலை பிழையும் இல்லை, அவருக்கு இடமில்லை. எங்கடை பக்கத்து மாவட்டம் நியெவ்ரில 2023 ஜனவரியில நெவேர் ஆஸ்பத்திரிக்கு டிஜோனில இருந்து வைத்தியர்மாரைச் சின்ன விமானத்தில கொண்டந்து இறக்கினவை. பகிடி இல்லை, பேப்பரில வந்தது. வீடு பாக்கப் போற அண்டைக்கே ஊர் மருந்துக்கடையில ஏறி, புது ஆக்களை எந்த வைத்தியர் எடுக்கிறார் எண்டு கேளும். வீட்டு முகவர் சொல்லாததை மருந்துக்கடைக்காரி ரெண்டு நிமிசத்தில சொல்லுவா.

ஜனவரி 19

டிராப்பில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, நீங்கள் ஏன் மொந்தார்ஜிப் பக்கம் போனனீங்கள் எண்டு. ரயில்தான் காரணம். நான் அப்ப பரிஸில குசினி வேலை. பரிஸ் கார் து லியோன் ஸ்டேசனில இருந்து மொந்தார்ஜிக்கு எர் (R) எண்ட புறநகர் ரயில் நேரடியா வரும்.

இதில ஒரு நுணுக்கம் இருக்கு, அந்தப் பக்கம் பாக்கிற ஆக்கள் கவனியுங்கோ. நெமூர் தாண்டி சூப் ஸ்டேசன் வரைக்கும் இல் து பிரான்ஸ், அதாவது பரிஸ் மாகாணம், அதின்ர பயண அட்டை நவிகோ செல்லும், 2025இல மாசத்துக்கு 88.80 யூரோ. அடுத்த ஸ்டேசன் டோர்டீவ். அது வேறை மாகாணம், நவிகோ செல்லாது, மேலதிகக் காசு. ரயிலில சில நிமிச வித்தியாசம்தான், ஆனால் வீட்டு விலை அந்தக் கோட்டில படக்கெண்டு இறங்கும். நாங்கள் கோட்டுக்கு அங்காலை வாங்கினனாங்கள். வேலை குடுக்கிறவர் மாசப் பயணச் சீட்டில அரைவாசி தர வேணும் எண்டது சட்டம். மிச்சம் கையாலை போகும். அதையும் வீட்டுக் கடனோடை கூட்டிப் பாத்து எது மலிவெண்டு முடிவெடுங்கோ. பின்னேர வேலை செய்யிற ஆக்கள் கடைசி ரயில் நேரத்தைப் பாக்காமல் கையெழுத்து வைக்காதையுங்கோ.

பெப்ரவரி 2

வீடு பாக்கிறதெண்டால் இப்ப பாருங்கோ, இந்த மாசத்தில. மே மாசத்தில பிரான்ஸில எந்தக் கிராமமும் வடிவுதான். ரோசாப்பூ, யன்னலுக்கு நீலப் பெயின்ட், வாசலில பூனை. பெப்ரவரியில பின்னேரம் ஐஞ்சரைக்குப் போய் நிண்டால் தெரியும் எந்த வீட்டில லைட் எரியுது, எது வருசம் முழுக்கப் பூட்டின வீடு, வெதுப்பகம் கிழமையில எத்தினை நாள் திறக்குது எண்டு.

லுவான் ஆத்துக்குக் கிட்ட ஒரு வீடு பாத்தனாங்கள். விலை நல்ல விலை. உள்ளுக்குப் புதுசா வெள்ளை அடிச்சு, நிலத்துக்கு நல்ல மாபிள் போட்டு, மினுமினுப்பு. மனிசிதான் கேட்டவ, ஏன் பிளக் எல்லாம் இடுப்பளவு உயரத்தில இருக்கெண்டு. குசினி, ஹோல், அறை எல்லா இடமும் அப்பிடித்தான். கொதிகலனும் மேல் தட்டில. வித்தவர் சொன்னார், அம்மாவுக்குக் குனிய ஏலாது, அதுதான் உயர்த்தி வைச்சனாங்கள் எண்டு. நாங்களும் பாவம் எண்டு தலையாட்டினம். பிறகு வெளியில வந்து பக்கத்து வீட்டுக் கிழவரிட்டைக் கேட்டால், மனுசன் ஒண்டும் கதைக்கேல்லை, தன்ர மதிலில ஒரு கோட்டைக் காட்டினார். 2016 மே கடைசியில லுவான் பெருக்கெடுத்து நெமூர், மொந்தார்ஜி எல்லாம் வெள்ளத்துக்குள்ளை போனது ஞாபகம் இருக்கும். அந்தக் கோடு எனக்கு நெஞ்சளவு.

பெப்ரவரி 3

முகவரியை ஜியோரிஸ்க் எண்ட அரசாங்கத் தளத்தில போட்டால் வெள்ளம், நிலத்துக்குள்ளாலை வாற றேடன் எண்ட கதிர்வீச்சு வாயு, பழைய சுரங்கம் எல்லாம் வரும், இலவசம். விக்கிறவரும் அந்த அறிக்கையைத் தர வேணும், சட்டம். ஆனால் பிளக்கையும் பாருங்கோ.

பெப்ரவரி 9

வெள்ளத்தைப் பற்றிக் கதைச்சு களிமண்ணை விட்டிட்டன். எங்கடை பக்கத்தில வெள்ளத்தைவிட அதுதான் கனபேருக்குத் தலையிடி. கோடையில மண் காய்ஞ்சு சுருங்கும், மழைக்கு ஊதும், அத்திவாரம் ஆடும். சுவரில படிக்கட்டு வடிவில சரிஞ்சு போற வெடிப்புக் கண்டால் அது பூச்சு வெடிப்பில்லை. காப்புறுதி தரும்தானே எண்டு சிலர் சொல்லுகினம். உங்கடை ஊரை அரசாங்கம் இயற்கை அனர்த்தப் பட்டியலில சேத்து வர்த்தமானியில போட்டால்தான் தரும். போட்டாலும் முதல் 1,520 யூரோ உங்கடை பொக்கெற்றால. சேக்காட்டி ஒண்டும் இல்லை.

கிறூஸ், பிரெத்தாய்ன் பக்கம் கருங்கல் பாறை, அங்கை றேடன் வாயு. நோமண்டி, பிரெத்தாய்னில ஈரப்பூஞ்சணம், மரத்தைத் தின்னும். ஒவ்வொரு சீமைக்கும் ஒரு வருத்தம் இருக்கு.

பெப்ரவரி 16

ஒருத்தர் எழுதியிருக்கிறார் நொத்தேர் செலவு, அதாவது உறுதி எழுதுற நொத்தாரிசுக்கும் வரிக்கும் போற காசு, 3 வீதம் எண்டு. அது புது வீட்டுக்கு. பழைய வீட்டுக்கு 7, 8 வீதம். 50 ஆயிரம் யூரோ மாதிரி மலிவு வீட்டுக்கு வீதம் இன்னும் கூட வரும், ஏனெண்டால் சில கட்டணம் விலையோடை குறையாது. அதோடை சின்னக் கடன் எண்டால் வங்கிக்காரருக்கும் முகம் சுருங்கும்.

விலை சரியோ எண்டு பாக்க முகவரிட்டைக் கேக்காதையுங்கோ. டிவிஎப் எண்டு அரசாங்கத் தளம் இருக்கு, அந்த ஒழுங்கையில முந்தி வித்த வீடெல்லாம் என்ன விலைக்குப் போனதெண்டு அப்பிடியே கிடக்கு, 2019இல இருந்து எல்லாரும் பாக்கலாம். அல்சாஸ் பக்கமும் மொசெலும் மயோத் தீவும் அதில இல்லை.

கொம்ப்ரொமி எண்ட முதல் விற்பனை ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்ச பிறகும் வாங்கிறவருக்கு மனம் மாற 10 நாள் இருக்கு, காரணம் சொல்லத் தேவையில்லை. வங்கிக் கடன் கிடைக்காட்டி ஒப்பந்தம் முறியும் எண்ட நிபந்தனையை எழுதுவிக்காமல் விடாதையுங்கோ.

தக்ஸ் பொன்சியேர், அதாவது வீட்டுச் சொந்தக்காரர் வருசா வருசம் கட்டுற வரி, அந்தப் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ. நாட்டுப்புறம் எண்டால் வரி குறைவு எண்டு நினைப்பு. பரிஸ் நகரத்தின்ர வீதம் 2023இல 13.5இல இருந்து 20.5க்கு ஏறினதுக்கே சனம் கத்தினது. சனம் குறைஞ்சுகொண்டு போற சின்ன நகரங்களில 50 வீதம் தாண்டிறது சாதாரணம். வீட்டின்ர அடிப்படைப் பெறுமதி குறைவுதான், எண்டாலும் வளவுக்குள்ளை ரெண்டு கொட்டில் இருந்தால் அதுக்கும் சேத்துத்தான் போடுவினம்.

பெப்ரவரி 17

மலக்குழி! அதை எழுத மறக்கக்கூடாது. ஊருக்குள்ளை கழிவுக் குழாய் இல்லாத வீடெண்டால் ஸ்பாங் எண்ட மலக்குழி சோதிக்கிற ஊர்ச் சேவையின்ர அறிக்கை வேணும், மூண்டு வருசத்துக்குள்ளை எடுத்ததா இருக்க வேணும். பிழையெண்டு எழுதியிருந்தால் வாங்கின ஆள் ஒரு வருசத்துக்குள்ளை திருத்த வேணும். பத்தாயிரம் யூரோ எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், நாங்கள் குறைச்சனாங்கள்.

மார்ச் 8

சார்செலில இருந்து ரெண்டு சகோதரங்கள் சேந்து வாங்கப் போகினமாம், பெரிய பண்ணை வீடு, பாதி பாதி. எங்கடை ஆக்களுக்குப் பங்குக் காணிக் கதை சொல்லித்தர வேண்டியதில்லை, யாழ்ப்பாணத்தில அந்த வழக்கிலையே பரம்பரை பரம்பரையா உழைச்ச அப்புக்காத்துமார் இருக்கினம். இஞ்சையும் அதேதான். பிரான்ஸ் குடியியல் சட்டம் 815ஆம் பிரிவு சொல்லுது, பிரிக்காத சொத்தில ஒருத்தரையும் கட்டாயப்படுத்தி வைச்சிருக்க ஏலாதெண்டு. அதாவது தம்பிக்கு நாளைக்கு மனம் மாறினால் அண்ணையும் விக்க வேண்டி வரலாம். நொத்தேரிட்டைச் சொல்லி ஐஞ்சு வருசத்துக்கு ஒப்பந்தம் எழுதலாம், புதுப்பிக்கவும் ஏலும்.

ஒருத்தர் தன்ர பங்கை வெளியாளுக்கு விக்க வெளிக்கிட்டால் மற்றப் பங்காளிக்கு முதல் உரிமை, ஒரு மாசம் தவணை. எங்கடை யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்திலையும் பங்காளிக்கு முந்து உரிமை இருக்குத்தானே. அம்மாவின்ர ஊர்க் காணி அப்பிடித்தான் சித்தப்பாவிட்டைப் போனது. விடுவம் அந்தக் கதையை.

வேலிச் சண்டை பற்றியும் ஒரு சொல். கடாஸ்ற் எண்ட காணி வரைபடத்தை நம்பி வேலி போடாதையுங்கோ. அது வரிக்குக் கீறின படம், எல்லைக்கு அத்தாட்சி இல்லை. எல்லைக் கல்லு வேணுமெண்டால் நில அளவையாளரைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டாரையும் கையெழுத்து வைப்பிக்க வேணும். கிணறு இருந்தால் மேரியில, அதாவது ஊர்ச் சபையில, பதிய வேணும், 2009இல இருந்து கட்டாயம்.

ஏப்ரல் 6

புதுச் செய்தி. 2025 ஏப்ரலில இருந்து மாவட்டங்கள் வீடு வாங்கேக்குள்ளை கட்டுற வரியில தங்கடை பங்கை 4.5இல இருந்து 5 வீதமா உயர்த்தலாம், கனக்க மாவட்டம் உயர்த்துது. முதல் வீடு வாங்கிறவருக்கு அந்த ஏத்தம் இல்லை. ஆகவே பெப்ரவரியில நான் எழுதின நொத்தேர் செலவுக் கணக்கு, முதல் வீடு இல்லாத ஆக்களுக்கு உயர்த்தின மாவட்டங்களில இன்னும் அரை வீதம் கூடும்.

வட்டியில்லாக் கடனும் நாடு முழுக்க புது வீட்டுக்கு விரிச்சிருக்கினம். பழைய வீட்டுக்கு நாட்டுப்புற வலயங்களில மட்டும், அதுவும் மொத்தச் செலவில கால்வாசி திருத்த வேலையா இருக்க வேணும். வருமான எல்லை இருக்கு.

மே 18

லண்டன் மச்சானுக்கு: டோர்டோன் வடிவான இடம், இல்லையெண்டேல்லை. ஆனால் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர் இப்ப 180 நாளில 90 நாள்தான் நிக்கலாம். வீடு வாங்கினால் வீசா தருவினம் எண்டு ஆரோ சொன்னது கதை. வீடு சொந்தம், நிக்கிறதுக்கு உரிமை வேறை. நீண்டகால வருகையாளர் வீசாவுக்கு வருமானம் காட்டி விண்ணப்பிக்க வேணும். அதோடை 2023இல தக்ஸ் தபித்தசியோன் எண்ட குடியிருப்பு வரியை நிப்பாட்டினது வசிக்கிற வீட்டுக்கு மட்டும், விடுமுறை வீட்டுக்கு இன்னும் இருக்கு.

கிரிக்கெட் இல்லாமல் இருக்க ஏலாது எண்டுறியள். எய்மே எண்டொரு ஊர் டோர்டோனில, ஆங்கிலேயர் நிறைய, கிரிக்கெட் கழகமே இருக்கு. பிரான்ஸ் நாட்டுப்புறத்தில அதைவிட என்ன வேணும் உங்களுக்கு.

மே 19

சேவல் சத்தம் கேட்டவருக்கு. முறைப்பாடு போட்டு லேசில வெல்ல ஏலாது. 2019இல ஒலெரோன் தீவில மொரிஸ் எண்ட சேவலுக்கு எதிராக் கோட்டுக்குப் போனவை தோத்துப்போச்சினம். 2021 ஜனவரியில நாட்டுப்புறச் சத்தத்தையும் மணத்தையும் மரபுரிமை எண்டு சட்டமே கொண்டு வந்திட்டினம். சாணி மணமும் அதுக்குள்ளை. உங்களுக்குச் சத்தம் பிடிக்காட்டி லா கூர்னேவில இருங்கோ, அங்கை சேவல் இல்லை.

ஜூன் 24

பெரிய திருத்த வேலைக்கான அரச உதவி, மா பிரிம் ரெனோவ், 2025 ஜூன் 23இல இருந்து கொஞ்சக் காலம் புது விண்ணப்பம் எடுக்காமல் நிப்பாட்டினவை. இதாலைதான் சொல்லுறனான், டிபிஇ எண்ட சக்தி அறிக்கையில (ஏ நல்லது, ஜி மோசம்) ஜி வகுப்பு வீட்டை உதவிப் பணம் வரும் எண்ட கணக்கில வாங்காதையுங்கோ. உதவி இல்லாமலும் கட்ட ஏலுமெண்டால் வாங்குங்கோ. எண்ணெய்க் கொதிகலன் இருந்தால் பழசைத் திருத்தி ஓட்டலாம், உடைஞ்சால் புது எண்ணெய்க் கொதிகலன் போட ஏலாது, 2022 ஜூலையோடை தடை.

ஆகஸ்ட் 24

கனபேர் தனிமடலில கேக்கிற கேள்வி: ஊரில எங்கடை நிறத்தைப் பாத்து என்ன செய்வினம்?

லு பென் கட்சிக்கு எங்கடை பக்கத்தில நல்ல வோட்டு. 2022இலயும் 2024இலயும் மொந்தார்ஜித் தொகுதியை அவைதான் வெண்டவை. எங்கடை ஒழுங்கையிலையும் போட்டிருப்பினம். அதே ஒழுங்கையில கூர்ஜெத் காய்க்கத் தொடங்கினால் வாசலில பையோடை தொங்கும், ஆர் வைச்சதெண்டு தெரியாது, ஒருக்கா சமைச்சு முடிய அடுத்த பை. ரெண்டும் ஒரே சனம்தான். முதல் வருசம் வெதுப்பகத்தில நாங்கள் உள்ளிட்டால் கதை நிண்டது. இப்ப நிக்கிறேல்லை. வணக்கம் சொல்லாமல் கடைக்குள்ளை கால் வைச்சால் மட்டும் மன்னிக்க மாட்டினம், அது எந்த நிறமெண்டாலும்.

பிள்ளையளின்ர தமிழ்தான் கவலை. தமிழ்ச்சோலை எண்ட தமிழ்ப் பள்ளிக்கு ரயில் ஏத்திக் கொண்டு போறது மழைக்காலத்தில பெரும்பாடு. பரிஸ் மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேருக்கு வாறம், அது விடுறேல்லை. சரக்குத்தூள் பரிஸில தமிழ்க்கடையள் இருக்கிற லா சப்பலில வாங்கினால் மாசக்கணக்கில காணும். கறிவேப்பிலைக் கண்டு வீட்டுக்குள்ளை யன்னலடியில நிக்குது, இலை பிடுங்க மனிசி விடமாட்டா.

ஆகஸ்ட் 26

மனிசி இந்த இழையை முழுக்க வாசிச்சிட்டுச் சிரிக்கிறா. கார் ஓடத் தெரியாத ஆளை வைச்சு இடம் தெரிவு செய்யுங்கோ எண்டு ஜனவரியில எழுதினது தன்னை நினைச்சாம். அது உண்மை. ஊருக்குள்ளை நடக்கிற தூரத்தில வீடு வேணும் எண்டு நான் ஒற்றைக்காலில நிண்டதாலை, வளவு சின்னன், பக்கத்தில ரோட்டு, பார ஊர்தி போனால் யன்னல் நடுங்கும். இப்ப அவ சாரதிப் பத்திரம் எடுத்திட்டா. நாலு கிலோமீற்றர் தள்ளி வாங்கியிருந்தால் ரெண்டு பரப்புத் தோட்டம் வைச்சிருப்பன் எண்டுறா.

யோசிச்சுப் பாத்தன். அவ சொல்லுறதிலை நியாயம் இருக்கு. ஆனால் பிள்ளையளுக்கு இன்னும் பத்திரம் எடுக்கிற வயசில்லை, கொலேஜ் (நடுநிலைப் பள்ளி) பஸ் ஊர்ச் சந்தியிலதான் நிக்கும். நாங்களும் எழுவது தாண்டினால் ரெண்டு பேரும் திரும்பக் கார் ஓடாத ஆக்கள்தான். ஆகவே தம்பிமார், கேள்வி அதுதான், ஆனால் இண்டைக்கு ஆர் எண்டு மட்டும் பாக்காதையுங்கோ. மனிசி இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை.

செப்டெம்பர் 14

வயசு போனவையிட்டை வியாஜே முறையில, அதாவது விக்கிறவர் சாகும்வரை மாசா மாசம் காசு கட்டி, வாங்கினால் லாபமோ எண்டு கேட்டவருக்கு: ஆர்ல் நகரத்தில ஒரு நொத்தேர் 1965இல 90 வயசுக் கிழவியிட்டை அப்பிடி வாங்கினவர், மாசம் 2,500 பிராங். கிழவியின்ர பேர் ஜான் கல்மோன். நொத்தேர் 1995இல செத்தார், அவற்ரை குடும்பம் தொடர்ந்து கட்டினது, கிழவி 1997இல 122 வயசில போனா. மிச்சத்தை நீங்களே யோசியுங்கோ.

நவம்பர் 23

கேள்வி கேட்ட தம்பி கிறூஸை விட்டிட்டு நியெவ்ரில கோன் பக்கம் ஒரு வீடு பாத்திருக்கிறார், லுவார் ஆத்தங்கரை நகரம். பரிஸ் பெர்சி ஸ்டேசனில இருந்து நெவேர் போற ரயில் நிக்கும், கொலேஜ் இருக்கு, லிசே (மேல்நிலைப் பள்ளி) இருக்கு, மனிசி நடந்து கடைக்குப் போகலாம். நல்ல தெரிவு. விலை கிறூஸ் வீட்டைவிடக் கூட, பரவாயில்லை.

ரெண்டு விசயம். வீடு மின்சாரச் சூடு, டிபிஇ எப் எண்டு எழுதியிருக்கிறீர். 2026 ஜனவரி 1இல இருந்து அந்த வகுப்பைக் கணக்குப் பாக்க மின்சாரத்துக்குப் போடுற பெருக்கல் 2.3இல இருந்து 1.9க்கு இறங்குது, ஒரு ஆணி அடிக்காமலே சில வீடு ஒரு வகுப்பு ஏறும். விக்கிறவருக்கு இது தெரிஞ்சால் ஜனவரிக்குப் பிறகு விலையைக் கூட்டப் பாப்பார், ஆனபடியால் இப்பவே கதைச்சு முடியும். வகுப்பு ஏறினாலும் பில் குறையாது எண்டதை மறக்காதையும், போன ரெண்டு வருச மின்சாரப் பில்லைக் கேளும்.

மற்றது, கொஞ்சம் வடக்காலை பெல்வில் அணு மின் நிலையம் இருக்கு. அதைச் சுத்தி 20 கிலோமீற்றருக்குள்ளை இருக்கிற வீடுகளுக்கு அயடின் குளிசை இலவசம். குடிபோன கிழமையே மருந்துக்கடையில முகவரி காட்டி எடும், எந்த வைத்தியர் புது ஆக்களைப் பதியிறார் எண்டும் அங்கையே கேட்டு எழுதும், எனக்கும் தெரிய வேணும், மச்சாளும் அந்தப் பக்கம் பாக்கிறா.